எட்டாம் நிறம்

பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து
கொண்டுவந்திருந்தார் ஸ்டென்கா அம்மாள்
அந்த டாண்டி கம்ப்யூட்டரை.
நார்லேனில் அவர்கள் மீனும் சிப்ஸும் விற்ற காலமெல்லாம்
கடைக்கு அதுதான் கணக்குப்பிள்ளை.

கீபோர்டைக் கவிழ்த்தேன். வினிகர் வாடை.
செம்புக் கோடுகளில் பச்சை பூத்து
பாதி எழுத்துகள் பட்டுப்போயிருந்தன.

"வேறொன்றைச் செருகு, அவ்வளவுதானே?"

இதற்கு எட்டுத் துளை வாய்.
என் டிராயரில் இருப்பவை ஐந்தும் ஆறும்.
வாயைப் பொருத்திவிடலாம், இரண்டு டாலர் காரியம்.
எழுத்து ஒன்றுதான், புணர்ச்சி விதி வேறு,
அதுதான் சிக்கல்.
நடுவில் ஒரு சில்லை வைத்தேன்,
சில்லுக்குள் முப்பது வரி எழுதினேன்,
இவன் சொல்வதை அவனுக்குப் புரியச் சொல்ல.

செவ்வாய் இரவு. திரை இன்னும் இல்லை.
ஒரு விசையை ஒரே ஒரு தரம் தொட்டேன்.
பீப். பீப். பீப். பீப்.
விரலை எடுத்தும் நிற்கவில்லை.
பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.
அழுத்தியதைச் சொல்லிய என் சில்லு
விட்டதைச் சொல்ல மறந்திருந்தது,
மெய்க்குப் புள்ளி வைக்காதவன் மாதிரி.
விடிவதற்குள் புள்ளி வைத்தேன்.
நாயும் அடங்கியது.

அப்புறம் படம்.
மஞ்சள் வயரை டிவியில் செருகினால்
எல்லாம் மேலே மேலே உருண்டோடியது, நிறமே இல்லாமல்.
நொடிக்கு அறுபது முறை துடிக்கும் அமெரிக்கப் பெட்டி அது,
ஜீலாங் டிவிக்கு ஐம்பதுதான் பழக்கம்.
புது மானிட்டரோ இன்னும் மோசம்:
'எல்லைக்கு வெளியே' என்றொரு நீலக் கட்டம்
மூலைக்கு மூலை உலாத்திக்கொண்டிருந்தது.

பல்லாரட்டிலிருந்து கஜவதனன் போனில்:
"டிவிய விடும். பின்னால ஒன்பது பின் இருக்கெல்லோ,
அதில இருந்து எடும்."

மாற்றுப் பெட்டி தபாலில் வரப் பதினோரு நாள்.
கேபிளை நானே கட்டினேன்.
சனிக்கிழமை, ஸ்டென்கா அம்மாள் எதிரில்,
படம் நின்றது.

ஆன்டே எழுதிய கடன் பட்டியல்.
கட்டியவர்கள் வெள்ளையில், கட்டாதவர்கள் மஞ்சளில்,
இரண்டும் கொஞ்சம் அழுக்காக.
நான்காம் எண்ணுக்குப் பிறகு ஒன்பது.
ஒன்பதுக்குப் பிறகு பதினாறு.
இடையில் வெற்று வரிகள்.

ஃபிளாப்பி போயிற்று என்றேன்.
மெமரி என்றேன்.
சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மறுபடி குத்தினேன்.
கடைசியில், வேறு வழியில்லாமல், நிரலைப் படித்தேன்.
முந்நூற்று நாற்பதாம் வரியில்
எழுத்துக்கு எட்டாம் நிறம் வை என்றிருந்தது.

எட்டு என்றால் கறுப்பு,
அதோடு ஒரு துளி வெளிச்சம்.
அந்தத் துளி வருவது ஆறாம் பின் வழியாக.
என் கேபிளில் ஆறாம் பின்
ஈயம் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

சுட்டேன். ஊதினேன். செருகினேன்.

கறுப்புக்குள்ளிருந்து சாம்பல் எழுத்தில் வந்தார்கள்:
மெக்கின்டயர், பதினான்கு அறுபது, ஷிஃப்ட் குறைந்த மாதம்.
டுராகோவிச், டிம் சிம், ஆறு இருபது.
பள்ளிக்கூடத்து ட்ரேசி, மூன்று எண்பது,
மூன்று எண்பது, மூன்று எண்பது.
ஒவ்வொன்றின் முடிவிலும் குரோஷிய மொழியில் ஒரே சொல்.
நான் கேட்டேன்.
"விட்டாச்சு" என்பதுபோல் கையை உதறிக் காட்டினார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
"காசு எங்கே என்று கேட்டால்
மெஷின் தின்றுவிட்டது என்பான்.
பதினோரு வருடம்
இந்த மெஷினைத் திட்டியிருக்கிறேன்."

விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக்
கூட்டிக்கொண்டே போனார், உதடு அசைய.
இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினார்.
அடுத்த பக்கமும் இருந்தது.

"இதற்கு பிரிண்டர் செருகலாமா?"

பெட்டியைத் திருப்பினேன்.
அந்த இடத்தில் துளையும் இல்லை, பின்னும் இல்லை,
வெறும் செம்பு விளிம்பு,
வினிகர் படாதது.